தீக்காவல் ஆவுடையப்பர்

தூத்துக்குடியிலிருந்து அந்தமானுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் ஒரு பழைய கப்பலில், என்ஜின் அறைத் தரையைத் துடைப்பது ஆவுடையப்பரின் வேலை. கப்பலில் அதைவிடக் கீழான வேலை கிடையாது. என்ஜினுக்கு அடியில் மல்லாந்து படுத்து, சொட்டும் எண்ணெயைக் கந்தல் துணியால் ஒற்றி எடுப்பார். துணி நனைந்ததும் மூடியுள்ள இரும்புத் தொட்டியில் போட்டுவிட்டு அடுத்த துணியை எடுப்பார். ஒவ்வொரு ஒற்றலுக்கும் ஒருமுறை ‘சிவாயநம’ என்று அவருடைய உதடு அசையும். கோயிலில் புல் செதுக்கினாலும் கப்பலில் எண்ணெய் துடைத்தாலும் இறைவன் நடக்கும் தரை ஒன்றுதான் என்பது அவருடைய எண்ணம். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். மனைவி இளவயதிலேயே காலமானார், பிள்ளைகள் இல்லை. நெற்றியில் நீறு பூசாமல் அவர் என்ஜின் அறைக்குள் இறங்கியதில்லை. அரை மணியில் வியர்வையோடு அது வழிந்து, கரியோடு கலந்து, முகம் சாம்பல் நிறமாகிவிடும்.

“ஏய், சாமியார் வாராரு, கும்பிட்டுக்கிடுங்கலே” என்பார் மிக்கேல் ரோச். அவர் கப்பலின் பிட்டர், இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். வெல்டிங் வேலையும் அவருடையதுதான். தூத்துக்குடி கடற்கரைத் தெருக்காரர். கேலி பேசுவதிலும் அவர்தான் முதல், சோற்றில் கருவாடு கலந்துவிடாமல் ஆவுடையப்பருக்கென்று தனித் தட்டு எடுத்துவைப்பதிலும் அவர்தான் முதல். “உம்ம சிவன் சுடுகாட்டுல ஆடுதாரு, நீரு என்ஜின் ரூமுல கிடக்கீரு. ரெண்டு பேருக்கும் சூடு பழகிப்போச்சு, என்ன?” என்று சிரிப்பார். ஆவுடையப்பரும் சிரிப்பார்.

கப்பலில் வெல்டிங் செய்தால் ஒரு விதி உண்டு. இரும்புச் சுவரின் ஒரு பக்கம் பற்றவைக்கும்போது, மறுபக்கம் கண்ணுக்குத் தெரியாமல் கொதிக்கும். அங்கே ஏதாவது கிடந்தால் வேலை முடிந்து வெகுநேரம் கழித்துக்கூடப் புகையும். அதனால் வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம், சுவரின் மறுபக்கத்தில் ஒருவர் தீயணைப்பானோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குத் தீக்காவல் என்று பெயர். வேறு யாருக்கும் பிடிக்காத அந்தக் காவல் பெரும்பாலும் ஆவுடையப்பருக்கே வரும்.

அன்று மாலை ஐந்து மணிக்கு மிக்கேல் ஒரு குழாய்த் தாங்கியைப் பற்றவைத்து முடித்தார். சுவருக்கு மறுபக்கம் பெயிண்டும் கந்தலும் வைத்திருக்கும் சிறிய சாமான் அறை. அதற்குள் ஆவுடையப்பர் காவல் உட்கார்ந்தார். அன்று பிரதோஷம். கடலில் இருக்கும் பிரதோஷ நாள்களில் மேல்தளத்தில் மேற்கு நோக்கி நின்று ஒரு பதிகம் பாடுவது அவருடைய வழக்கம். அன்றைக்கு அந்தப் பிரதோஷ வேளை தப்பிவிடுமோ என்று நாற்பது நிமிடம் இருப்புக்கொள்ளாமல் தவித்தார். சுவரைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். எழுந்து நின்று கைகூப்பினார்.

“ஐயனே, இருபது நிமிசம்தான். நீ பாத்துக்கோ.”

தன் காவலை இறைவனிடமே ஒப்படைத்துவிட்டதாக நம்பி, கதவைச் சாத்திவிட்டு மாடிப்படி ஏறிப்போனார். பக்தி இல்லாத ஒருவர் இந்தத் தவற்றைச் செய்திருக்க மாட்டார்.

பதிகத்தின் நான்காம் பாட்டில் தீ மணி அடித்தது. அவர் படிகளில் விழுந்தடித்து இறங்கினார். பாதி வழியில் கீழே மிக்கேலின் குரல் கேட்டது.

“ஆவுடை! ஏ ஆவுடை! உள்ள இருக்கீராவே?”

“நான் இங்க இருக்கேன்! திறக்காதீரும்!” என்று ஆவுடையப்பர் கத்தினார். மணியின் இரைச்சலில் அது மிக்கேலுக்கு எட்டவில்லை. உள்ளே ஒரு மனிதர் இருக்கிறார் என்று நம்பியவருக்குக் கதவைத் தொட்டுப் பார்க்கவோ முகமூடி தேடவோ பொறுமை இருக்குமா? அவர் கதவை ஒரே இழுப்பில் திறந்தார். காற்றுக்காகக் காத்திருந்த நெருப்பு வெளியே பாய்ந்தது. அதற்குள்ளேயே அவர் குனிந்து நுழைந்தார்.

காற்றுக் குழாய்களை அடைத்து, பக்கத்துச் சுவர்களை நீரால் குளிரவைத்து, முகமூடி அணிந்த இருவர் உள்ளே போய் மிக்கேலை வெளியே கொண்டுவர ஒன்பது நிமிடம் ஆயிற்று. நீர்க்குழாயின் முனையைப் பிடித்திருந்தவர் ஆவுடையப்பர். நெருப்பு அணைந்தது. மிக்கேல் கண் திறக்கவில்லை. உடம்பில் பெரிய தீக்காயம் இல்லை, புகைதான் கொன்றது.

மறுநாள் விசாரணை நடந்தது. தலைமைப் பொறியாளர் காகிதத்தோடு எதிரே உட்கார்ந்திருந்தார்.

“நெருப்பைப் பாத்ததும் நீ வெளிய வந்துட்ட. அப்புறந்தான் அவன் உள்ள போயிருக்கான். அப்படித்தானே?”

ஆவுடையப்பர் வாய் திறந்து பொய் சொல்லவில்லை. தலையை ஒருமுறை அசைத்தார். அதுவே போதுமானதாக இருந்தது. ‘காவலாள் விதிப்படி வெளியேறினார். அறைக்குள் எவரும் இல்லாதபோது, முகமூடியின்றி, அவசரப்பட்டுக் கதவைத் திறந்ததே பிட்டரின் சாவுக்குக் காரணம்’ என்று எழுதி முடித்தார்கள்.

அன்றிலிருந்து ஆவுடையப்பர் நீறு பூசுவதை விட்டார். கரையிறங்கினாலும் கோயில் வாசல் மிதிப்பதில்லை. தரை துடைக்கும்போது பழக்கத்தால் உதடு அசையத் தொடங்கினால் பல்லைக் கடித்து நிறுத்திக்கொள்வார். கும்பிடத்தான் அவருக்குக் கூசியது, நம்பிக்கை குறையவில்லை. இறைவன் இருக்கிறான், பார்த்துக்கொண்டும் இருக்கிறான் என்று உறுதியாகத் தெரிந்ததால்தான் அவரால் நிமிர முடியவில்லை.

தீக்காவலை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு மணி நேரக் காவலுக்கு மூன்று மணி நேரம் இருப்பார். புறங்கையால் சுவரைத் தடவித் தடவிப் பார்ப்பார். உள்ளங்கை காய்த்துப்போனது, சூட்டைச் சரியாகச் சொல்லாது.

“அண்ணாச்சி, இரும்பே ஆறி டீ குடிக்கப் போயிட்டு. நீரு இன்னும் எதுக்குவே உக்காந்திருக்கீரு?” என்பான் எண்ணெய் ஊற்றும் பரமன். மற்றவர்கள் சிரிப்பார்கள். மிக்கேல் செத்ததைப் பார்த்து இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று கப்பலில் பேச்சு.

உண்மையைச் சொல்லிவிட மூன்று முறை மிக்கேலின் தெருவரை போய்த் திரும்பியிருக்கிறார். மூன்றாம் முறை தெருமுனை டீக்கடையில் இருவர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. “நம்ம மிக்கேலா? அவசரக்குடுக்கை. ஆளே இல்லாத ரூமுக்குள்ள பாஞ்சிருக்கான். போட்டிருப்பான்யா, வேற என்ன?” மிக்கேல் குடிக்காதவர். ஆவுடையப்பர் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அப்போதும் வாய் வரவில்லை.

ஏழாம் ஆண்டு, அந்தமானிலிருந்து திரும்பும் வழியில், பட்டப்பகலில் என்ஜின் அறையில் எரிபொருள் குழாய் ஒன்று வெடித்தது. பீய்ச்சியடித்த எண்ணெய் சுடும் புகைபோக்கியில் பட்டுக் கூரைவரை நெருப்பானது. கேப்டன் என்ஜினை நிறுத்தி, எல்லோரையும் மேல்தளத்துக்கு வரச் சொன்னார். வெளியிலிருந்தே எண்ணெய் வால்வுகளை மூடினார்கள். காற்று வழிகளை அடைத்தார்கள். இனி என்ஜின் அறை முழுவதும் கரியமில வாயுவை நிரப்ப வேண்டியதுதான். அந்த வாயு நெருப்பைக் கொல்லும். உள்ளே இருக்கும் மனிதரையும் கொல்லும். அதனால் தலை எண்ணாமல் அதைத் திறக்கக் கூடாது.

எண்ணினார்கள். இருபது பேரில் பத்தொன்பது. பரமன் இல்லை.

“ரெண்டு நிமிசம் விட்டா கப்பலே போயிரும் சார்!” என்று தலைமைப் பொறியாளர் கேப்டனிடம் கத்தினார்.

ஆவுடையப்பர் ஓடவில்லை. ஓடிய ஒருவரின் முடிவை அவர் அறிவார். காற்றுச் சிலிண்டரை முதுகில் மாட்டி, முகமூடியை இறுக்கி, சிலிண்டரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று முள்ளைப் பார்த்தார். இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையை இரண்டாம் பொறியாளரிடம் கொடுத்தார். “ஒரு தடவை இழுத்தா நல்லாருக்கேன். விடாம இழுத்தா என்னை வெளிய இழுங்க. யாரும் பின்னால வரக் கூடாது. ரெண்டு பேரு முகமூடியோட வாசல்லயே தயாரா நில்லுங்க.”

அடித்தளத்திலிருந்து தப்பி வருவதற்கென்றே செங்குத்தாக ஓர் ஏணிக் கூண்டு உண்டு. அதன் மேல்கதவைப் புறங்கையால் தொட்டார். சூடு இல்லை. ஓரமாகக் குனிந்து, ஒரு விரல்கடை திறந்து, காத்திருந்து, பிறகுதான் உள்ளே இறங்கினார். பரமன் ஏணியின் அடியில் மயங்கிக் கிடந்தான். கூண்டின் கீழ்க்கதவை அவனே சாத்தியிருந்தான்; அதுதான் அவனைக் காத்தது. கயிற்றில் கட்டி அவனை மேலேற்றினார்கள். மறுபடி எண்ணினார்கள். இருபது. கேப்டன் வாயுவைத் திறந்தார்.

வெளிச்சுவர்களில் நீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். சுவரில் பட்ட நீர் நெடுநேரம் ஆவியாகிக்கொண்டிருந்தது. ஆறு மணி நேரம் கழித்துத் தலைமைப் பொறியாளர், “கதவைக் கொஞ்சம் திறந்து பாத்துரலாமே” என்றார். ஆவுடையப்பர் கதவின்மேல் சாய்ந்து நின்றுகொண்டார். “இரும்பு சுடுது சார். காத்து உள்ள போச்சுன்னா நெருப்பு மறுபடி எந்திரிக்கும்.” கேப்டன் அவர் பக்கம் நின்றார். மறுநாள் மதியம் திறந்தபோது நெருப்பு இல்லை.

இழுவைக் கப்பல் அவர்களைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. சாப்பாட்டு அறையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். கேப்டன் எழுந்து ஆவுடையப்பரின் தோளில் கைவைத்தார்.

“இவர் பேரைப் பாராட்டுக்கு எழுதப் போறேன். இப்படி ஒரு ஆளை நான் பாத்ததில்லை.”

“எழுதாதீங்க ஐயா” என்றார் ஆவுடையப்பர். “ஏழு வருசத்துக்கு முன்ன எழுதினதைத் திருத்துங்க. அன்னைக்கு நான் காவல்ல இல்ல. சாமி கும்பிட மேல போயிட்டேன். நான் உள்ள இருக்கேன்னு நெனச்சுத்தான் மிக்கேல் கதவைத் திறந்தாரு. எம்பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே உள்ள போனாரு. எங்காதுல கேட்டுச்சு.”

தலைமைப் பொறியாளர்தான் முதலில் பேசினார். “இப்ப எதுக்குய்யா இதைக் கிளப்புற? செத்தவன் செத்துட்டான்.”

“செத்தவரை இன்னமும் ஏசுறாங்க சார்.”

அவருடைய வாக்குமூலத்தைப் புதிதாக எழுதி வாங்கினார்கள். கடல் வேலைக்கான அவருடைய பதிவுப் புத்தகத்தையும் பறித்துக்கொண்டார்கள். ஒரு தகரப் பெட்டியோடு கரையிறங்கி நேரே கடற்கரைத் தெருவுக்கு நடந்தார். இந்தமுறை தெருமுனையில் நிற்கவில்லை.

மிக்கேலின் மனைவி அருளம்மாள் வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். ஆவுடையப்பர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். வலை பின்னிய கை நின்றது.

“எம்புருசன் கூறுகெட்டுப் போய்ச் செத்தாருன்னு ஏழு வருசமா கேட்டுக்கிட்டிருக்கேன். குடிகாரன்னும் சொன்னானுவ. எம்மவ கல்யாணப் பேச்சுல கூட அதைச் சொல்லிக் காட்டுனானுவ. நீங்க தலையை ஆட்டிட்டுப் போயிட்டீங்க.”

“ஆமா தாயி.”

“மன்னிச்சேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வாங்க. இங்க எங்கிட்டச் சொன்னதை அங்க எல்லாரு முன்னாலயும் சொல்லுங்க.”

ஞாயிறு காலைப் பூசை முடிந்து மாதா கோயில் படிகளில் கூட்டம் இறங்கியபோது ஆவுடையப்பர் கீழ்ப்படியில் நின்றார். கூடியவர்களில் டீக்கடையில் பேசியவர்களும் இருந்தார்கள். “மிக்கேல் ரோச் அவசரப்படல. குடிக்கல. என்னைத் தேடித்தான் நெருப்புக்குள்ள போனாரு. நான் அங்க இல்லாதது என் குத்தம். அதை மறைச்சது அதைவிடப் பெரிய குத்தம்” என்று உரக்கச் சொன்னார். ஒருவர் அவரைப் பிடித்துக் கீழே தள்ளினார். இன்னொருவர் காறித் துப்பினார். ஆவுடையப்பர் எழுந்து, அதையே மறுபடி முதலிலிருந்து சொன்னார். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டிருக்காது என்பதால். அருளம்மாள் முக்காட்டுக்குள் அழுதுகொண்டிருந்தார்.

அங்கிருந்து வெயிலில் நடந்து, வழியில் தென்பட்ட ஒரு சிறிய சிவன் கோயிலின் மதில் நிழலில் உட்கார்ந்தார். உள்ளே போகும் எண்ணம் அவருக்கு இல்லை. நடை சாத்தியிருந்தது. சற்று நேரத்தில் கதவு திறந்து, முன்பின் பார்த்திராத முதிய குருக்கள் ஒருவர் பதறியபடி வெளியே வந்தார். கையில் சுவாமிக்குச் சாத்திய வில்வமாலை.

“மதில் ஓரத்துல உக்காந்திருக்கறவர் நீர்தானா? உச்சிக்காலம் முடிஞ்சு மண்டபத்துல கொஞ்சம் கண்ணசந்தேன். ‘செத்தவன் பேரைத் திருப்பிக் குடுத்துட்டு ஒருத்தன் வெயில்ல வந்திருக்கான். உள்ள வரக் கூசுறான். மாலையை எடுத்துண்டு நீ போ’ன்னு குரல் கேட்டது. எனக்கு ஒண்ணும் புரியலை. உமக்குப் புரியறதா?”

ஆவுடையப்பர் மாலையைத் தொடவில்லை. கீழே விழுந்து வணங்கிக் குலுங்கி அழுதார். “சாமி மன்னிச்சிட்டாரு. அந்தம்மா இன்னும் மன்னிக்கலியே” என்றார்.

“அது அவா கையில இருக்கு. இது சுவாமி அனுப்பினது. வாங்கிக்கோங்கோ” என்று குருக்கள் மாலையை அவர் கழுத்தில் இட்டார். பிறகு கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

தன் பிழையை மறைக்க எளிதாயிருந்தும், தன்னைப் புகழ்ந்த சபையின் நடுவிலேயே அதை எடுத்து வைத்த ஆவுடையப்பரின் அடி போற்றுகிறோம்; அவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் மிக்கேல் ரோச்சின் பெயரையும் சேர்த்தே சொல்கிறோம்.