இரவல் ஷூ

நத்தம் சாலையோரத்தில் இருந்த அந்தச் சின்ன ஆசிரமத்தில் காலணிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை சிவப்பிரகாசத்துக்கு. வயது அறுபத்தாறு. கல்லூரியில் தத்துவம் நடத்தி ஓய்வுபெற்றவர். குரு அவரைவிட இருபது வயது இளையவர். எல்லோருக்கும் அவர் அம்மா.

மூன்று வருடமாகச் சிவப்பிரகாசம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பற்றை விடுவது எப்படி அம்மா?"

அம்மா பதில் சொன்னதில்லை.

வருகிறவர்கள் டோக்கனைத் தொலைத்துவிட்டுச் சண்டைக்கு நின்றார்கள். அலுத்துப்போய், காலணி மேலேயே எண் போட்ட ஸ்டிக்கரை ஒட்ட ஆரம்பித்தார் சிவப்பிரகாசம்.

அன்று காலை அம்மாவை வணங்கிவிட்டு வந்த தங்கமாரி, தன் பழுப்புத் தோல் ஷூவிலிருந்து ஸ்டிக்கரை உரித்தார். தாள் வந்தது. பசை வரவில்லை.

"என்ன சார் இது?"

சிவப்பிரகாசம் ஈரத்துணியால் தேய்த்தார். பசை பரவியது. நகத்தால் சுரண்டினார். அழுக்கு ஏறிக் கறுத்தது.

"காலில் மாட்டுவதுதானே? இதன்மேல் இவ்வளவு பற்றா?" என்று சிடுசிடுத்தார்.

"சார், இது என் ஷூவே இல்ல! என் பொண்டாட்டி தவறிப்போயி நாலு வருசமாச்சு. அவ தம்பிதான் எனக்கு இப்ப சம்பந்தம் பேசியிருக்கான். அவனே கழட்டிக் குடுத்த ஷூ. பதினோரு மணிக்குப் பொண்ணு வீட்டுல இருக்கணும். இதோடயா போவேன்?"

சிவப்பிரகாசம் மண்ணெண்ணெயை எடுத்தார்.

"சாயம் போயிடும். கீழ வைங்க" என்றபடி வந்தார் அம்மா. கையில் தேங்காயெண்ணெய், ஒரு பழைய வேட்டித் துணி. தரையில் உட்கார்ந்து ஷூவை மடியில் வைத்துக்கொண்டு, பசைமேல் எண்ணெயைத் தடவினார்.

தங்கமாரி பதறினார். "ஐயோ, நீங்க போயி..."

"உக்காருங்க. பத்து நிமிஷம் ஊறணும். பொண்ணு பேரு என்ன?"

"செல்வராணி." அவர் குரல் இறங்கிவிட்டது. "அவங்களுக்கும் இது ரெண்டாவதுதான்."

பத்து நிமிடம் கழித்து அம்மா துடைத்தார். பசை உருண்டு திரண்டு வந்தது. சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் எண்ணெயை எடுத்து, உலர்ந்த துணியால் ஒற்றினார். தங்கமாரி ஷூவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

சிவப்பிரகாசத்துக்குப் பொறுக்கவில்லை.

"மூணு வருஷமா நான் கேக்கறேன். ஒரு வார்த்தை இல்லை. யாரோ ஒருத்தர் ஷூவுக்கு அரைமணி நேரம்!"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவர் முகத்திலும் அலுப்பு தெரிந்தது.

"அவருக்கு ஷூ சுத்தமாகியே தீரணும், புரொபசர். உங்களுக்குக் கேள்வி இருந்தாலே போதும்."