ஒரு கரண்டி உறைமோர்

"நாளைக்குக் காலையில தெரு நடுவுல நீளத்துக்குச் சுவர் எழுப்புறாங்க அம்மா. முதல் கல்லை நான்தான் வைக்கணுமாம். வைக்கவா, வேண்டாமா?"

கேட்டவர் ஆவுடையப்பர். எழுபதை நெருங்குகிறவர். பக்கத்தில் ஒரு கல் இருந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தெருக்காரர்கள் கொடுத்தது.

அவருடைய குரு பேச்சியம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆற்றங்கரைக் குடிலில் இருந்தார்.

ராஜா இறந்து ஒரு வருடம். அரியணைக்கு அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்டார்கள். தெருவின் கிழக்கு வரிசை வீடுகளான கீழ்ச்சாரி அண்ணன் கட்சி. எதிர்வரிசையான மேல்ச்சாரி தம்பி கட்சி. இருவரில் ஒருவரும் அந்தத் தெருவை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் அவர்களுக்காகத் தெருவே ஒருவரோடொருவர் பேச்சை நிறுத்திக்கொண்டது.

ஆவுடையப்பர் கீழ்ச்சாரி. எதிர்வீட்டுக் குற்றாலம் மேல்ச்சாரி. முப்பது வருடச் சினேகிதம்.

தெருவில் மூத்தவர் கல் எடுத்து வைக்காமல் எதையும் கட்டுவதில்லை. வைத்தால் இனி குற்றாலத்தின் முகத்தில் விழிக்க முடியாது. மறுத்தால் துரோகி என்பார்கள்.

பேச்சியம்மை உள்ளே போய் மோர்ச்சட்டியை எடுத்துவந்தார். அடியில் இருந்ததையெல்லாம் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார்.

"பால் காய்ச்சி வச்சிருக்கேன். உறை ஊத்த மோர் இல்ல. உங்க எதிர்வீட்டுல ஒரு கரண்டி வாங்கிட்டு வாங்க."

"இப்பத்தானே அம்மா செடிக்கு ஊத்துனீங்க?"

"ஆமா." ஒரு கிண்ணத்தை நீட்டினார். "விளக்கு வச்சுட்டா மோர் குடுக்க மாட்டாங்க. சீக்கிரம் போங்க."

ஆவுடையப்பர் விவரமானவர். விளக்கு வைத்தபின் பால், மோர், உப்பு வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்பது ஊர் வழக்கம். ஆகவே மெதுவாக நடந்தார். ஆற்றில் இரண்டு முறை கால் கழுவினார். தெருமுனையில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்தார். வாரில் ஒரு குறையும் இல்லை.

இருட்டட்டும் என்றுதான் நின்றார். குருவின் சொல்லைத் தட்டியதாகவும் ஆகாது, எதிர்க்கட்சி வாசலை மிதித்ததாகவும் ஆகாது.

தெருவில் வீட்டுக்கு வீடு விளக்கு எரிய ஆரம்பித்தது. அப்பாடா என்று தெருவுக்குள் நடந்தார்.

ஒரு வீடு மட்டும் இருட்டாக இருந்தது. வாசலில் குற்றாலத்தின் மனைவி சொர்ணம், எண்ணெயில் நனைத்த திரியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"கிண்ணத்தோட தெருமுனையில நிக்கதைப் பார்த்தேன் அண்ணாச்சி. அதான் விளக்கு ஏத்தாம இருக்கேன். கொண்டாங்க."

வாங்கிப்போய் நிறைய ஊற்றிக்கொண்டு வந்தாள்.

"இது உங்க வீட்டு மோர்தான். நான் கல்யாணமாகி வந்த அன்னைக்கு மதினி உறைக்குக் குடுத்தது. இன்னைக்கு வரைக்கும் விடாம ஊத்திட்டு வாரேன்."

ஆவுடையப்பரின் மனைவி போய் மூன்று வருடம் ஆகிறது. அந்த மாதமே பூனை தயிர்ப்பானையை உருட்டிவிட்டது. அதற்குப் பிறகு அவர் வீட்டில் யாரும் உறை ஊற்றவில்லை. அவள் கைபட்டது எதுவும் மிச்சமில்லை என்றே அவர் நினைத்திருந்தார்.

கிண்ணத்தைப் பிடித்தபடி நின்று அழுதார்.

உள்ளேயிருந்து குற்றாலம் வந்தார். ஒரு வருடமாகப் பேசாதவர்.

"உக்காரும் வே. எவ்வளவு நேரம் நிப்பீரு?"

உட்கார்ந்தார். சொர்ணம் விளக்கை ஏற்றினாள்.

குடிலுக்குத் திரும்பியதும் பேச்சியம்மை ஒரு கரண்டி மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை அவரிடமே கொடுத்துவிட்டார். கல்லைப் பற்றி அவர் கேட்கவில்லை, குருவும் சொல்லவில்லை. ஒரு கையில் கிண்ணமும் மறுகையில் கல்லுமாக வீட்டுக்குப் போனார். போகிற வழியில் பால்கடையில் சொல்லி வீட்டுக்குப் பால் வரவழைத்துக்கொண்டார்; விளக்கு வைத்த வழக்கம் வீடுகளுக்குத்தான், கடைக்கு இல்லை.

காலையில் கீழ்ச்சாரி ஆட்கள் திரண்டு வந்தார்கள். நல்ல நேரம் போகிறது, கல்லை எடுங்கள் என்று அவசரப்படுத்தினார்கள்.

அவர் எல்லோரையும் உட்காரச் சொன்னார். பழைய சோறு இருக்கிறது, எதிர்வீட்டு உறை, கெட்டியாக வந்திருக்கிறது, சாப்பிடுங்கள் என்றார்.

"அது இருக்கட்டும். கல்லு எங்க அண்ணாச்சி?"

"தயிர்ப்பானை மேல வச்சிருக்கேன். எடுத்தா பூனை வந்துரும்."