முதல் அகப்பை

“தாயே, முதல் அகப்பை என் கையால்தானே?”

கேட்டவர் பாக்கு வணிகர் தத்தர். அறுபதைத் தாண்டியவர். நாகப்பட்டினத்துக் கடலோரம் சின்ன விகாரை ஒன்றில் தனியாக வாழ்ந்த பிக்குணி சுமனையிடம் கேட்டார். சுமனைக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் தத்தருக்கு அவர்தான் ஆசான்.

அன்று வைகாசிப் பௌர்ணமி. புத்தர் பிறந்ததும், ஞானம் பெற்றதும், மறைந்ததும் அந்த நாளில்தான் என்று ஊரே வெள்ளை உடுத்தியிருந்தது. போதிமரத்து வேருக்குப் பன்னீர் வார்த்தாயிற்று. எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை. அன்றைக்கு எல்லோருக்கும் பந்தலில்தான் பால்சோறு. துறவியின் பாத்திரத்தில் முதல் அகப்பை விழாமல் ஊருக்குச் சோறு கிடையாது.

தத்தரின் அப்பா இருந்தவரை பந்தல் ஒன்றுதான். முதல் அகப்பையை அவர்தான் இடுவார். போன வருஷம் அப்பா கண்ணை மூடினார். இனி யார் இடுவது? இழவு வீட்டிலேயே தத்தருக்கும் தம்பி இளந்தத்தனுக்கும் சண்டை வெடித்தது.

சொத்துக்காக அடித்துக்கொண்ட அண்ணன் தம்பியை எத்தனையோ பார்த்திருப்பீர்கள். இவர்கள் புண்ணியத்துக்காக அடித்துக்கொண்டவர்கள். நல்ல கூத்து!

இப்போது பந்தல் இரண்டு. தெருவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

“தம்பி உங்கள் பந்தலுக்கு வந்தாரா?”

“அவன் எங்கே வருவான்? அவன் பிள்ளைகள்தான் காலையிலிருந்து என் பந்தலில் கும்மாளம் போடுகிறதுகள். ஆடு பகை, குட்டி உறவு.”

“நீங்கள் அங்கே போனீர்களா?”

“அவன் பந்தலில் பச்சைத் தண்ணீர்கூட என் பல்லில் படாது.”

தம்பி குரல் தெருவில் கேட்கும்போதெல்லாம் அவர் வாசல்வரை வரத்தான் செய்தார். வீம்பு விடவில்லை.

சுமனை தம் பாத்திரத்தை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“இன்று நான் வரப்போவதில்லை. எனக்காக நீங்கள் வாங்கி வாருங்கள்.”

தத்தருக்கு வாயெல்லாம் பல். “இதோ, ஒரு நொடியில் நிரப்பிக் கொண்டு வருகிறேன்!”

“நிரப்பக்கூடாது. பாத்திரம் ஏந்தியவர் தம் சோற்றைத் தாமே போட்டுக்கொள்ளலாகாது. பிறர் இடவேண்டும். வாய் திறந்து கேட்கவும் கூடாது.”

“என் பந்தலில் என் ஆள் இடுவான்.”

“அதுவும் உங்கள் சோறுதானே?”

“தாயே, ஊரில் வேறெங்கும் அடுப்பே எரியவில்லையே!”

“தெரியும். உச்சிப்பொழுது தாண்டினால் நான் உண்ணமாட்டேன். அது உங்களுக்குத் தெரியும்.”

தத்தர் தெருவுக்கு வந்தார். தம் பந்தலைப் பார்த்தார். தம்பி பந்தலைப் பார்த்தார். நிழல் காலடிக்குள் சுருங்கிக்கொண்டிருந்தது.

இந்த நாளில் ஒரு துறவியைப் பட்டினி போட்டால் ஏழு பிறவிக்கும் அந்தப் பாவம் தீராது. அதற்காகத்தான் போகிறேன், வேறெதற்கும் இல்லை என்று தமக்கே சொல்லிக்கொண்டு தெருவைக் கடந்தார்.

அகப்பையோடு நின்ற இளந்தத்தன் நிமிர்ந்து பார்த்தான்.

“என்ன, உங்க பந்தலில் அரிசி வேகலையா?”

வரிசையில் ஒருவன் சிரித்தான்.

தத்தர் பேசவில்லை. பேசக்கூடாதே! நுனிநாக்குவரை வந்த பதிலை விழுங்கிவிட்டுத் தலையைக் குனிந்தார். தம்பி முன்னால் அவர் தலை குனிந்து யாரும் பார்த்ததில்லை. சிரித்தவன் வாயை மூடிக்கொண்டான்.

இளந்தத்தன் பாத்திரத்தைப் பார்த்தான். அது யாருடையது என்று அவனுக்குத் தெரியும். ஒரு வருஷமாக அவன் மல்லுக்கு நின்ற முதல் அகப்பை. அதற்கான பாத்திரத்தை அண்ணனே ஏந்திக்கொண்டு வந்து நிற்கிறார்.

அவன் ஜெயித்துவிட்டான். அள்ளி இட்டான். அகப்பை தளும்பியதில் சோறு அண்ணன் விரலில் சிந்தியது.

“ஐயையோ! சுட்டுடுச்சா, அண்ணே?”

தத்தருக்குக் கண்ணில் நீர் முட்டியது. தலையை ஆட்டினார். ஆமாம் என்று ஆட்டினாரா, இல்லை என்று ஆட்டினாரா, அவருக்கே தெரியாது.

இளந்தத்தன் அகப்பையைக் கீழே வைத்தான்.

“காலையிலேர்ந்து ஏதாவது சாப்பிட்டியா?”



தத்தர் விகாரைக்குத் திரும்பியபோது நிழல் கிழக்கே நீண்டிருந்தது. பாத்திரத்தில் சோறு ஆறிப்போயிருந்தது. வாசலில் கால் வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

“ஐயோ, தாயே! பொழுது தாண்டிவிட்டதே! உங்களைப் பட்டினி போட்டுவிட்டேனே, பாவி!”

“ஏன் இவ்வளவு நேரம்?” என்று கேட்டார் சுமனை.

“தம்பி...” என்றார் தத்தர். “சாப்பிடாமல் விடமாட்டேன் என்று உட்காரவைத்துவிட்டான், தாயே.”