மேனேஜர் தட்டினால்தான் போகும்

மதுரையில் பஸ் டிக்கெட் விற்கும் வெப்சைட் கம்பெனி ஒன்று. அங்கே மேனேஜர் வைத்தியலிங்கத்தைக் கேட்காமல் ஈ கூடப் பறக்கக் கூடாது. பயிற்சிக்குச் சேர்ந்த ஜெசிந்தா, யாராவது சீட் பிடித்ததும் பஸ்காரருக்குத் தகவல் தானாகவே போகும்படி வெப்ஹூக் என்ற இணைய ஏற்பாட்டை அமைத்தாள். மனுஷன் கொதித்துவிட்டார்.

"ஒவ்வொரு தகவலும் நான் பாத்துத்தான் போகணும். ஒரு நொடியும் தாமதம் ஆகக் கூடாது. முடியலைன்னா வேலை நிரந்தரமாகும்கிற கனவை விட்டுரும்மா."

பார்த்து என்னத்தைத் திருத்திவிடப் போகிறாராம்!

"அதுக்கென்ன சார், செஞ்சிடலாம்" என்ற ஜெசிந்தா, தகவல் போகும் முகவரியை அவர் போனுக்கே மாற்றினாள். அவர் 'சரி' என்று தட்டினால்தான் பஸ்காரருக்குப் போகும். தட்டாவிட்டால் வெப்ஹூக் அவரை விடாது. பதில் வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்புவது அதன் குணம்.

தீபாவளி முன்பதிவு தொடங்கிய காலையில், முதலாளியம்மா முன்னால் மேனேஜர் தன் நிர்வாகப் பெருமையை அளந்துகொண்டிருந்தார். போன் அலறியது. தட்டினார். மறுபடி அலறியது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி தகவல்கள் முண்டியடித்து வந்தன. இரண்டு கையாலும் தட்டியும் மாளவில்லை.

"ஏம்மா ஜெசிந்தா, இதை நிறுத்தித் தொலையேன்!"

"நிறுத்தினா நீங்க பாக்காமலே எல்லாம் நேரா போயிடும் சார். பரவாயில்லையா?"

"போகட்டும் தாயே, போகட்டும்!"

அவள் முகவரியை மாற்றினாள். போன் அடங்கியது; தகவல்கள் பஸ்காரர்களுக்குப் பறந்தன.

"அப்ப இவ்வளவு நேரமும் வழியை மறிச்சுக்கிட்டு நின்னது நீங்கதானாய்யா?" என்றார் முதலாளியம்மா. "இந்தப் பொண்ணுக்கு இன்னையிலேர்ந்து வேலை நிரந்தரம். இதையாவது உங்களைக் கேக்காம நான் செய்யலாமில்ல?"