நான்காவது துண்டு

“நீந்தப் போவது மூன்று பேர். துண்டு எதற்கு அம்மா நான்கு?”

கேட்டவர் மாசிலாமணி, மடத்தில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர். துண்டுகளை நீட்டிய நாச்சியம்மை அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவருக்குக் குரு.

மார்கழி விடியல். குளத்தின்மேல் பனி. எதிர்க்கரை தெரியவில்லை.

அந்தக் கரையிலிருந்து நீந்தி வருகிறவர்களுக்குப் படிக்கு ஒன்றாகத் துண்டு விரிப்பது வழக்கம். வந்து சேரும் வரிசையில் மாசிலாமணி பெயர் சொல்லி அழைப்பார். அழைக்கப்பட்டவர் “வந்தேன்” என்று சொல்லித் துண்டை எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசி ஆளும் அப்படிச் சொன்னால்தான் போட்டி முடியும்.

மூன்று பேர் எத்தனை விதமாக வந்து சேரலாம் என்று அம்மை கேட்டார்.

“ஆறு. சிலர் ஒன்றாகக் கரை தொடுவதையும் சேர்த்தால் பதின்மூன்று.”

“போன மார்கழியில் நான்கு பேர். அப்போது?”

நான்காவது ஆள் மாசிலாமணியின் தம்பி சடையன். பனிக்குள் குதித்தவன் கரையேறவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அன்று மூன்று பெயர்களைச் சொன்னவர், அதற்குப் பிறகு தம்பியின் பெயரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

“எழுபத்தைந்து.”

“நடந்தது அந்த எழுபத்தைந்தில் இருந்ததா?”

மாசிலாமணி நான்காவது துண்டை, தண்ணீரை ஒட்டிய படியில் விரித்தார்.

எதிர்க்கரையில் சங்கு ஒலித்தது.

ஒருவர்பின் ஒருவராக மூவரும் வந்தார்கள். பெயர் சொன்னார், துண்டை எடுத்தார்கள். “பல் எத்தனை விதமாக அடித்துக்கொள்ளும், அதையும் எண்ணிச் சொல்லுங்கள் வாத்தியாரே” என்று ஒருவன் கேலி செய்தான். சுக்குக் காப்பி தேடி மூவரும் மடைப்பள்ளிக்கு ஓடினார்கள்.

குளம் அசைவற்றுக் கிடந்தது.

நான்காவது துண்டைக் கையில் எடுத்து, மடிக்கப் போனார் மாசிலாமணி. அப்போதுதான் பார்த்தார்.

தண்ணீரிலிருந்து படியேறி வந்த ஈரக் காலடிகள், அவருக்கு எதிரே சேர்ந்து நின்றன. அவற்றைச் சுற்றி, மேலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருந்தது.

மேலே யாரும் இல்லை.

“அம்மா, இது...”

“அந்தப் போட்டி இன்னும் முடியவில்லை, மாசிலாமணி. அழைக்காமல் அவன் எப்படித் துண்டை எடுப்பான்?”

நெடுநேரம் உதடு அசைந்தது. பிறகுதான் குரல் வந்தது.

“சடையா.”

“வந்தேன்.”

அவர் கையிலிருந்த துண்டை யாரோ மெல்ல வாங்கிக்கொண்டார்கள்.