மன்னரைப் பார்க்காத அறுநூற்று இருபத்து மூன்று கண்கள்

சிம்மகண்ட பூபதி என்று ஒரு ராஜா இருந்தார். சிங்கத்தின் தொண்டை உடையவர் என்று பெயருக்குப் பொருள். அந்தத் தொண்டை குளியலறையில் நன்றாகவே முழங்கும். சபையில் நாலு பேர் பார்த்துவிட்டால் போதும், உள்ளே இருப்பது சிங்கமா எலியா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிடும்.

அவர் நாட்டில் ஒரே ஒரு பெரிய ஏரி. மழைக்கு முன் வீட்டுக்கு ஒருவர் வந்து கரைக்கு மண் போட வேண்டும். அதற்கு முதல் நாள் அவர்களுக்கு அரண்மனையில் விருந்து. ராஜாவும் மேடையில் இலை போட்டு உட்கார்ந்து, இலையை மூடுவதற்குள் தம் வாயாலேயே வேலையைச் சொல்ல வேண்டும். மூன்று வருடம் தொடர்ந்து சொல்லத் தவறினால், மதகு திறக்கும் உரிமை அவருக்குப் பதிலாகப் பேசியவருக்குப் போய்விடும். மதகு யார் கையிலோ, நாடு அவர் கையில்.

இரண்டு வருடமாகப் பேசியவர் ராணியின் தம்பி கனகராயர். இது மூன்றாவது வருடம்.

"அத்தான், தொண்டை எப்படி இருக்கிறது? முடியாவிட்டால் சொல்லுங்கள், நான் இருக்கிறேன்" என்று அவர் தினம் மூன்று வேளையும் விசாரித்தார்.

ராஜா, சபையில் சாமர்த்தியசாலி என்று பெயரெடுத்த வைரவனை அழைத்தார்.

"எத்தனை பேர் வருகிறார்கள்?"

"முந்நூற்றுப் பன்னிரண்டு வீடு. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்."

"ஐயோ, அறுநூற்று இருபத்து நாலு கண்!"

"இருபத்து மூன்று, மன்னா. மதகுக் காவல் மாடப்பனுக்கு ஒரு கண்தான்."

"ஒன்று குறைந்து என்ன ஆகப்போகிறது? கேள் வைரவா. எல்லாரும் வர வேண்டும். நான் பேச வேண்டும். ஒரு கண்கூட என்னைப் பார்க்கக் கூடாது. கண்ணைக் கட்டாதே, திரை போடாதே, ஊர் சிரிக்கும். முடியாவிட்டால் இந்தச் சபையில் உனக்கு இடமில்லை."

வைரவன் காதைச் சொறிந்தான். "பாயசத்தை இலையில் ஊற்றச் சொல்லுங்கள், மன்னா."

"பாயசமா?"

"வலப்பக்கம் தடுத்தால் இடப்பக்கம் ஓடும். இடப்பக்கம் தடுத்தால் மடிக்கு வரும். கூரை தீப்பற்றினாலும் அந்த நேரத்தில் ஒருவனும் நிமிர மாட்டான். ஓர் ஆள் வழித்து முடிக்க நாற்பது எண்ணும் நேரம். அதற்குள் தாங்கள் பேசி முடித்துவிட வேண்டும்."

அன்றே ஒத்திகை. உக்கிராண அறையில் பன்னிரண்டு பூசணிக்காய்களை வரிசையாக வைத்தார்கள். ராஜா பிரமாதமாகப் பேசினார். வைரவன் ஒரு காயில் மட்டும் கரியால் இரண்டு கண் வரைந்தான். ராஜா குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

விருந்து நாள் வந்தது. சாம்பார் போயிற்று, ரசம் போயிற்று. பாயசம் வந்தது. ஆனால் ஒவ்வொருவருக்கும் தொன்னையில் வந்தது! விஷயம் தெரிந்து கனகராயர் முந்நூற்றுப் பன்னிரண்டு தொன்னை தைக்கச் சொல்லியிருந்தார். வைரவனுக்கும் ஒன்று சேர்த்து, முந்நூற்றுப் பதின்மூன்று.

தொன்னையில் இருக்கிற பாயசம் எங்கே ஓடும்? எல்லாரும் சாவகாசமாக உறிஞ்சிக்கொண்டு மேடையைப் பார்த்தார்கள்.

"குடிகளே..." என்றார் ராஜா. "குடி..." என்றார். "கு..." என்றார்.

"பாவம், அத்தானுக்குத் தொண்டை கட்டிவிட்டது" என்று கனகராயர் எழுந்தார்.

வைரவன் தன் தொன்னையோடு மேடையின் மூன்று படியையும் ஒரே தாவாகத் தாவினான். "மன்னருக்குப் பாயசம்!" என்று சொல்லி அதை ராஜாவின் இலையில் கவிழ்த்தான்.

பாயசம் நேராக ராஜாவின் புதுப் பட்டு வேட்டியைப் பார்த்து வந்தது.

"அடடா!" ராஜா அப்பளத்தை எடுத்துக் குறுக்கே வைத்தார். அப்பளம் நொறுங்கியது. சோற்றைத் தள்ளினார். சோற்றுக்கு நடுவே வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தது.

"அடேய், மேற்கே உடைகிறது! பார்த்தீர்களா? நம் ஏரியும் இப்படித்தான்!" என்று முழங்கினார் ராஜா, கண்ணை இலையைவிட்டு எடுக்காமல். "மேற்குக் கரையில் ஏழு நண்டு வளை இருக்கிறது. மேலே மண்ணைக் கொட்டினால் அப்பளம் மாதிரிப் போய்விடும். முதலில் வளையை அடை! பிறகு மண் போடு! பிறகு மிதி! இப்படி!"

சோற்றைப் பிசைந்து அமுக்கினார். பாயசம் நின்றது. வேட்டிக்கும் அதற்கும் இரண்டு விரற்கடைதான் இடைவெளி. வைரவன் எண்ணிக்கொண்டிருந்தான்: முப்பத்தெட்டு.

எல்லாரும் எழுந்து மேடையைச் சுற்றி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏழையும் நாளைக்கே அடைச்சிடுறோம், மகராசா!" என்று மாடப்பன் கத்தினான்.

ராஜா அப்போதுதான் நிமிர்ந்தார். முகம் வெளுத்தது. "வைரவா! எல்லாரும் என்னைப் பார்த்துவிட்டார்கள்! நீ தோற்றாய்!"

வைரவன் சட்டென்று தன் மேல்துண்டால் ராஜாவின் மார்பை மூடினான். "மாடப்பா, மன்னர் கழுத்தில் என்ன மாலை?"

"மாலையா? தெரியலீங்களே. நான் பாயசத்தையில்ல பார்த்தேன்!"

இன்னும் நாலு பேரைக் கேட்டான். முத்து என்றான் ஒருவன், பவளம் என்றான் ஒருவன். மற்ற இருவர் தலையைச் சொறிந்தார்கள். துண்டை எடுத்தான். ராஜாவின் கழுத்தில் மாலையே இல்லை.

ராஜா சிரித்த சிரிப்பில் மேடை விளக்கு இரண்டு அணைந்தது. கனகராயர் மட்டும் தம் இலையை மூடிவிட்டுப் போனார்.

"என்ன வேண்டும், கேள்!" என்று ராஜா வைரவனிடம் சொன்னார்.

"ஒரு தொன்னை பாயசம், மன்னா. என்னுடையது தங்கள் இலையில் இருக்கிறது."

ராஜா தம் பொற்கிண்ணம் நிறையப் பாயசம் ஊற்றி, கிண்ணத்தோடு கொடுத்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "குடிகளே, இன்னும் நாலு வார்த்தை..." என்று ஆரம்பித்தார்.

எல்லாரும் தத்தம் இடத்துக்கு ஓடினார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு இலைகளும் ஒரே சத்தத்தில் மூடின. ஆட்கள் கை கழுவப் போய்விட்டார்கள். வைரவன் ஒருவன்தான் மிச்சம்.

"தாராளமாகப் பேசுங்கள், மன்னா" என்றான் வைரவன், கிண்ணத்தைவிட்டுத் தலை நிமிராமல். "ஒரு கண்கூடத் தங்களைப் பார்க்கவில்லை."