வில்வத்தடியில் விழுந்த பிறை

வில்வநல்லூர்ச் சிவாலயத்தின் தென்மதிலுக்கு வெளியே நிற்கும் வில்வ மரத்தடியை விடியுமுன் கூட்டுவது உமையாள் அம்மையாரின் திருத்தொண்டு. ஒரு சருகும் எஞ்சாமல் பெருக்கி, நீர் தெளித்து, மணல் சமமாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்த பிறகே நெற்றியில் நீறணிவார். பின்னர் ஊர்ப் பள்ளிக்குச் சென்று அறிவியல் கற்பிப்பார். இருபது ஆண்டுகள் கடந்தும் அவர் தற்காலிக ஆசிரியையே.

பாடநூற் படத்தில் கோள்கள் நெருக்கியடித்து நிற்பதை அம்மையார் ஒப்பவில்லை. சாண் அகலப் பூசணிக்காயைச் சூரியனாகப் பள்ளி வாசலில் வைத்தார். முப்பது தப்படி நடந்து, பூமி என்று ஒரு கடுகை வைத்தார். வியாழனாகிய நெல்லிக்காய் கடைத்தெருவுக்குப் போயிற்று. நெப்டியூனாகிய கொண்டைக்கடலையைச் சுமந்த மாணவர்களோ ஊரெல்லையையே தாண்டிவிட்டனர்.

"கடுகு டீச்சர் வர்றாங்க, பூமிய மிதிச்சிடாதீங்கப்பா!" என்று கடைத்தெரு நகைத்தது. அம்மையார் சினவாது நடந்தார்.

சூரிய கிரகணம் நெருங்கியது. முந்தின நாள் கோயில் அறங்காவலர் தணிகாசலம் வந்தார்.

"சாமியே நடை சாத்திக்கிட்டு உள்ள இருக்கற நேரம். நீங்க பிள்ளைங்கள மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போறீங்களாமே?"

"ஆமாங்கய்யா."

"அப்படின்னா துடைப்பத்த வச்சிட்டுப் போயிடுங்க. இனிமே கூட்ட வேற ஆள் பார்த்துக்கறேன்."

அம்மையாரின் முகம் வாடியது. அவருக்கு வாழ்வில் வேறொரு பேறு இல்லை. ஆயினும் குரல் தளரவில்லை. "நிலாவும் சூரியனும் அவரு சொன்ன வழியிலதானே போகுது. அதைப் பிள்ளைங்க பார்த்தா அவருக்கு என்னங்க கோபம்?"

மறுநாள் அதிகாலையில், கடைசித் தொண்டு என்று எண்ணியே கூட்டினார். பத்து மணிக்கு நாற்பது மாணவர்களையும் கதிரவனுக்கு முதுகு காட்டி நிறுத்தினார்.

"மேல பார்க்கக் கூடாது. தரைய மட்டும் பாருங்க."

வெயில் மங்கியது. இலையிடுக்குகளின் வழியே அன்றாடம் வட்டமாக விழும் ஒளிப்பொட்டுகள் மெல்லத் தேய்ந்தன. நிலவு மறைத்ததுபோக எஞ்சிய சூரியனின் உருவம் பிறை பிறையாக மணலெங்கும் விழுந்தது. சருகு மூடிய தரையாயின் ஒன்றும் தெரிந்திராது.

எதிர்வீட்டிலிருந்து தணிகாசலம் விரைந்து வந்தார். "எங்க அந்தத் துடைப்பம்? குடுங்க இப்படி!"

"ஐயா, நீங்களும் கிரகணத்துல வெளிய வந்துட்டீங்க!" என்றாள் செங்கமலம் என்னும் மாணவி. அடுத்த கணமே அவள் கூவினாள்: "டீச்சர், அசையாதீங்க! உங்க தலையில ஒண்ணு இருக்கு!"

நரைத்த கூந்தலின் மேல் ஒற்றைப் பிறை ஒளிர்ந்தது.

துடைப்பத்திற்கு நீண்ட கை நின்றது. தணிகாசலம் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "எங்க பார்த்தாலும் சாமியோட பிறை, கால் வைக்க எடமில்லையேம்மா" என்றார். "நாளைக்கும் நீங்களே கூட்டுங்க."

பிறை சூடிய பெருமான் தம் அணியைத் தம் அடியாருக்கும் ஒரு கணம் சூட்டியருளினார். கடுகளவு பூமியில் கையளவு மணலைத் தூய்மை செய்து, அதில் வானத்தை இறக்கிக் காட்டிய உமையாள் அம்மையாரின் தொண்டு வாழ்க.